கம்பாத்தின் கல்லும் தூசும்

கம்பாத் கடைத்தெருவில் அது ஒரு மொத்த வியாபாரியின் கடை. சுவரோரம் அடுக்கிய பிளாஸ்டிக் கூடைகளில் கல்லில் செய்யக்கூடிய அத்தனையும் கிடக்கின்றன: பிரமிடு, உருண்டை, சங்கிலியில் தொங்கும் ஊசல், உள்ளங்கையில் அடங்கும் லிங்கம், முகத்தில் உருட்டித் தேய்க்கும் கட்டை, சிறகு விரித்த தேவதை. தரையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பெண்கள் ஏழேழு கற்களாக எண்ணி வெல்வெட் பைகளில் போடுகிறார்கள். ‘சக்ரா செட்’. பைகள் நிறைந்த அட்டைப்பெட்டியின் மேல் அமெரிக்க முகவரி ஒட்டியிருக்கிறது.

எந்தக் கல் எதைக் குணமாக்கும் என்று கேட்டதும் வியாபாரி சிரித்துவிட்டார். “அந்தப் பட்டியலை வாங்குகிறவர்களே அனுப்பிவிடுகிறார்கள் பாய். நாங்கள் அச்சடித்து உள்ளே வைக்கிறோம்.”

அவர் சொன்னதில் வேடிக்கையான ஒரு வரலாறு இருக்கிறது. சிவப்பு ஜாஸ்பர் மூலாதாரத்துக்கு, ஆரஞ்சு நிற சூதுபவளம் சுவாதிஷ்டானத்துக்கு என்று தொடங்கி அமெதிஸ்ட், ஸ்படிகம் வரை ஏறும் வானவில் வரிசை, நம் பழைய நூல்களிலிருந்து வந்தது அல்ல. 16ஆம் நூற்றாண்டின் ‘ஷட்சக்ர நிரூபணம்’ சொல்லும் நிறங்களே வேறு. அதில் மணிபூரகத்தின் இதழ்கள் மழைமேகக் கறுப்பு. அந்த நூலை ஜான் உட்ராஃப் 1919இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன பிறகு, மேற்கத்திய ஆன்மிகக் குழுக்களின் கையில்தான் சக்கரங்கள் வானவில்லாக வரிசைப்பட்டன. இங்கிருந்து போன யோகம் புதுச் சாயம் பூசிக்கொண்டு, கொள்முதல் ஆணையாகக் கம்பாத்துக்கே திரும்பி வந்திருக்கிறது.

குஜராத்தின் ஆனந்த் மாவட்டத்தில், வளைகுடாவின் தலைமாட்டில் இருக்கும் ஊர் இது. அரேபியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் கப்பல் விட்ட துறைமுகம் வண்டல் மேடிட்டுத் தூர்ந்துபோனது. கல்வேலை மட்டும் நின்றுவிடவில்லை. பக்கத்து மாவட்டத்தில் உள்ள சிந்துவெளி ஊரான லோதலில் தொல்லியலாளர் எஸ்.ஆர்.ராவ் 1955இல் தொடங்கிய அகழாய்வில், செய்து முடித்தவையும் முடிக்காதவையுமாக மணிகள் கிடந்த ஒரு பட்டறையே வெளிப்பட்டது. சிந்துவெளிச் சூதுபவள மணிகள் மெசபடோமியாவில், உர் நகரத்து அரச கல்லறைகள் வரை போயிருக்கின்றன. கொடுமணலிலும் கீழடியிலும் கிடைத்த சூதுபவளத்துக்கும் குஜராத்தே மூலமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஹரப்பா மணிகள் எப்படிச் செய்யப்பட்டன என்று அறிய மார்க் கெனாயர், மாசிமோ விடாலே, குல்தீப் பான் ஆகிய தொல்லியலாளர்கள் வந்து உட்கார்ந்த இடமும் கம்பாத்தின் பட்டறைகள்தான்.

இங்கே கல்லுக்கு அகீக் என்று பெயர். அதன் பழைய சுரங்கங்கள் நர்மதைக்குத் தெற்கே, பரூச் மாவட்டத்து ரத்தன்பூரில் இருக்கின்றன. அங்கே குன்றின்மேல் பாபா கோரின் தர்கா. அபிசீனியாவிலிருந்து வந்து அகீக் வணிகத்தை வளர்த்தவர் அவர் என்பது ஐதீகம். ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்திகள் தர்காவைப் பேணுகிறார்கள். பேய் பிடித்தவர்கள், புத்தி கலங்கியவர்கள் என்று கருதப்படுவோரை உறவினர்கள் அங்கே அழைத்து வருகிறார்கள். வெண்ணிற அகீக்கில் ஒரு வகைக்கே ‘பாபாகோரி’ என்று பெயர். ஆக, கல்லும் குணமளித்தலும் இங்கே சேர்ந்திருப்பது வெல்வெட் பை வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே.

ரத்தன்பூர் கல் வெட்டி எடுக்கும்போது சிவப்பாக இருப்பதில்லை; மங்கிய பழுப்போ மஞ்சளோதான். வெயிலில் மாதக்கணக்கில் காயவைத்து, மண்சட்டியில் இட்டு, வறட்டியும் சாம்பலும் மூடிச் சுடுவார்கள். கல்லுக்குள் இருக்கும் இரும்புச் சேர்மம் தன் நீரை இழந்து சிவக்கிறது. அவசரப்பட்டுச் சூடேற்றினால் கல் வெடித்துவிடும். இப்போது மின் உலைகள் வந்துவிட்டன. ஆனாலும் சூட்டின் பக்குவம் தெரிந்தவருக்கு மவுசு குறையவில்லை.

பட்டறையில் பார்த்தவற்றில் கண்ணை எடுக்க முடியாதது கல் கொத்தும் வேலை. தரையில் சாய்வாக நட்ட இரும்புக் கம்பி, அதன் கூர்முனை மேலே. அதன்மேல் கல்லைச் சாய்த்துப் பிடித்து, மெல்லிய மூங்கில் காம்பில் எருமைக்கொம்புத் தலை செருகிய சுத்தியலால் மறுபக்கம் தட்டுகிறார் ஒருவர். அடி விழுவது ஒரு பக்கம், சில்லு தெறிப்பது கம்பி தொடும் பக்கம். கையில் கல் திரும்பிக்கொண்டே இருக்கிறது, பேச்சும் நிற்பதில்லை. சற்று நேரத்தில் கரடுமுரடான துண்டு, அளவெடுத்ததுபோல நீள்மணி வடிவத்துக்கு வந்துவிடுகிறது. இரும்புக்குப் பதில் கொம்பு எதற்கு என்றால், கொம்பின் அடி கல்லில் மென்மையாக இறங்குமாம், விரிசல் ஓடாதாம். இந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள். பிரமிடுக்கும் தேவதைக்கும் கொம்புச் சுத்தியல் தேவையில்லை. ரம்பமும் சாணைச் சக்கரமும் போதும். வைர முனை பொருத்திய வில் துரப்பணம் இருந்த இடத்தை மீயொலி இயந்திரம் பிடித்துக்கொண்டது.

சாணைதான் இந்தத் தொழிலின் கெட்ட இடம்.

ஊரை ஒட்டிய சகர்பூரிலும் அக்கம்பக்கத்துத் தெருக்களிலும் அது வீட்டுத் திண்ணை வேலை. மோட்டாரில் சுழலும் எமரி சக்கரத்தின் முன் குந்தியிருக்கும் ஆள், முகத்துக்கு ஒரு முழம் தள்ளிக் கல்லை அழுத்துகிறார். புருவத்திலும் கைமயிரிலும் வெள்ளை படிந்திருக்கிறது. வாயைச் சுற்றிக் கட்டிய கைக்குட்டையால் பயனில்லை. நுரையீரலின் ஆழத்துக்குப் போய் உட்காருவது கண்ணுக்கே தெரியாத துகள். அகீக் ஏறக்குறைய முழுக்கச் சிலிக்கா. அந்தத் துகள் நுரையீரலில் தழும்பேற்றி, மூச்சு வாங்கும் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிவிடும். சிலிக்கோசிஸ் என்னும் இந்த நோயை ஆற்ற மருந்து இல்லை. காசநோய் தொற்றும் வாய்ப்பையும் இது கூட்டுகிறது. எக்ஸ்ரேயில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுவதால், காசநோய் மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்குகிறவர்கள் உண்டு. சாணை பிடிக்காத அண்டை வீட்டாருக்கும் பாதிப்பு இருப்பதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன.

ஜெர்மனியின் கல்வேலை நகரமான இடார்-ஓபர்ஸ்டைனிலும் 19ஆம் நூற்றாண்டுச் சாணைக்காரர்கள் பெரிய மணற்கல் சக்கரங்களின் முன் குப்புறப் படுத்து வேலை செய்து நெஞ்சு நோயால் மாண்டார்கள். ஆகவே இந்த நோய் புதிரல்ல, தடுக்க வழி தெரியாததும் அல்ல.

சிலிக்கோசிஸ் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையிலேயே அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக இடம்பெற்றது. ஆனால், மின்சாரத்தில் இயங்கும் இடத்தில் 10 பேராவது வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை என்றது அதே சட்டம். திண்ணையில் இருப்பதோ மூன்று பேர், அதிலும் இருவர் அண்ணன் தம்பி. அவர்களுக்கு முதலாளி என்று காகிதத்தில் யாருமில்லை. எண்ணிக் கூலி கொடுக்கும் வியாபாரி மட்டும் இருக்கிறார். நோய் வந்தால் நஷ்டஈடு கேட்க ஆளில்லை. வதோதராவின் மக்கள் பயிற்சி ஆராய்ச்சி மையம் பல ஆண்டுகளாக இவர்களைத் தேடி அலைந்து, நோயைப் பதிவு செய்யவைப்பதற்கே போராடி வருகிறது.

சக்ரா செட்டை வாங்குகிறவருக்கு என்ன கிடைக்கிறது? லண்டன் உளவியலாளர் கிறிஸ்டோஃபர் ஃப்ரெஞ்ச் 2001இல் வெளியிட்ட ஆய்வில் 80 பேர் கையில் கல்லோடு தியானித்தார்கள். பாதிப்பேர் பிடித்திருந்தது போலிக்கல். உடல் சிலிர்த்தது, கை சூடேறியது என்று இரு தரப்பும் ஒரே மாதிரி சொன்னார்கள். அதற்காக அவர்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. அமைதியாக ஐந்து நிமிடம் உட்கார்ந்திருப்பதே பலருக்கு மருந்துதான். அதற்கு ஒரு கண்ணாடித் துண்டு போதும் என்பதுதான் சகர்பூரில் நிற்கும்போது உறுத்துகிறது.

அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம், சாணைச் சக்கரத்துக்கு ஏற்ற தூசி உறிஞ்சும் அமைப்பை எப்போதோ உருவாக்கிவிட்டது. சக்கரத்தைச் சுற்றி ஒரு கூண்டு, குழாய், விசிறி, பை, அவ்வளவுதான். நாங்கள் பார்த்த ஒரு திண்ணையிலும் அதுபோன்ற தகரக் கூண்டு இருந்தது. விசிறி ஓடவில்லை. “ரெண்டு மோட்டார் ஓடினால் கரண்ட் பில் யார் கட்டுவது பாய்? டஜனுக்கு இவ்வளவு என்றுதான் கூலி” என்றார் சாணைக்காரர், கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இதை அந்த மொத்த வியாபாரியிடம் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. இப்போதெல்லாம் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் கல் எந்தச் சுரங்கத்தது, சிறுவர்களை வைத்துத் தோண்டினார்களா என்று விசாரிக்கிறார்களாம். சாணையில் விசிறி ஓடுகிறதா என்று மட்டும் எவரும் எழுதிக் கேட்டதில்லை. “கேட்டால் போட்டுவிடலாம்” என்று கால்குலேட்டரை எடுத்துத் தட்டிப் பார்த்தார். “ஒரு செட்டுக்கு ரெண்டு ரூபாய்கூட ஏறாது.”