அக்கா, அந்த வரி நமக்கா?

2025 ஏப்ரல் 3. விடியற்காலை இரண்டு மணி தாண்டியிருக்கும். சித்தி பையனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ். ‘அக்கா, ட்ரம்ப் 26 பர்சென்ட் போட்டுட்டான்ல... அது நமக்கா?’

அவனுக்கு வயது 22. செய்யாறு பக்கத்தில் பாலிடெக்னிக் முடித்துவிட்டு, சுங்குவார்சத்திரத்தில் ரூம் எடுத்துத் தங்கி, செல்போன் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட்டில் இருக்கிறான். செகண்ட் ஷிஃப்ட் முடிந்து, கம்பெனி பஸ் இறக்கிவிட்டு, குளித்துச் சாப்பிட்டுப் போனைக் கையில் எடுக்கும்போது மணி ஒன்றரை ஆகிவிடும். வாஷிங்டனில் அப்போது மாலை நான்கு. வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் நின்று, பெரிய அட்டையைத் தூக்கிக் காட்டி, நாடு நாடாக ட்ரம்ப் வரி அறிவித்த நேரம் அதுதான். சென்னை தூங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்து ரூம்கள் விழித்திருந்தன.

‘சோறு போடுற வேலையைப் பாருங்கடா. அமெரிக்காக்காரன் பொழப்பு உங்களுக்கு எதுக்கு?’ என்பது எங்கள் சித்தப்பாவின் கட்சி. ரூம் பசங்க மூன்றே மூன்று விஷயம்தான் பேசுகிறார்கள், ட்ரம்ப், போன் கேம், ஜப்பான் பொம்மைப் படம், மூன்றும் வெட்டிப் பேச்சு என்பது அவர் கருத்து. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சித்தப்பா இருப்பார். அவருக்கு நான் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நேரில் சொன்னால் காபி ஆறிவிடும், கோபம் ஆறாது.

முதலில் அந்த ‘நமக்கா’. அமெரிக்கா போடும் வரியைக் கட்டப்போவது அங்கே இறக்குமதி செய்கிற கம்பெனி. அது விலையில் ஏறும். விலை ஏறினால் வாங்குவது குறையும், வாங்குவது குறைந்தால் ஆர்டர் குறையும், ஆர்டர் குறைந்தால் இங்கே ஒரு லைன் நிற்கும். லைன் நின்றால் முதலில் வீட்டுக்குப் போவது கான்ட்ராக்ட் ஆட்கள். ஆக, வாஷிங்டனில் இருந்து எங்கள் தம்பியின் பைக் டியூவுக்கு நான்கே படிதான். டி.வி விவாதத்தில் சென்செக்ஸ் எத்தனை புள்ளி விழுந்தது என்று விலாவாரியாகச் சொன்னார்கள். சுங்குவார்சத்திரம் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

இத்தனைக்கும் அந்த வரி அறிவிப்புக்கு முன்பே எங்கள் சாலையில் வேகம் கூடிவிட்டது. மார்ச்சிலிருந்தே சென்னை விமான நிலையத்திலிருந்து சரக்கு விமானங்களை அமர்த்தி, சுமார் 600 டன் ஐபோன்களை, அதாவது 15 லட்சம் போன்கள் வரை, ஆப்பிள் அமெரிக்காவுக்கு ஏற்றிவிட்டது என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. சுங்கச் சோதனைக்கு ஆகும் 30 மணி நேரத்தை ஆறு மணி நேரமாகக் குறைத்தார்கள். வழக்கமாக விடுமுறை விடும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஃபாக்ஸ்கான் ஆலை ஓடியது. பெரிய ஆலை ஞாயிறு ஓடினால், அதற்குப் பாகம் கொடுக்கிற சின்ன ஆலைகள் சனிக்கிழமை ராத்திரியே ஓட வேண்டும். ‘ட்ரம்ப்பால எனக்கு மூணு ஓ.டி. கிடைச்சுதுக்கா’ என்று சிரித்தான் தம்பி. அந்த மாதம் சித்திக்கு அவன் கூடுதலாக அனுப்பிய பணத்தை அமெரிக்க அரசியல் கணக்கில்தான் எழுத வேண்டும்.

ஏப்ரல் 11-ல் ஸ்மார்ட்போன்களுக்கு விலக்கு வந்தது. ரூமில் பரோட்டா வாங்கிக் கொண்டாடினார்கள். மே 15-ம் தேதி தோஹாவில் ட்ரம்ப் பேசினார். ஆப்பிள் தலைவர் டிம் குக் இந்தியாவில் ஆலை கட்டுவது தனக்குப் பிடிக்கவில்லை என்று அவரிடமே சொல்லிவிட்டதாகச் சொன்னார். அன்றைக்குப் பரோட்டா இல்லை. ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீதம் என்றானது. போன்களுக்கு விலக்கு அப்படியே நீடித்தது. ஆனால், அதே ரூமில் இருக்கும் திருவண்ணாமலைப் பையனின் அக்கா, திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறார். பின்னலாடைக்கு அப்போது விலக்கு கிடைக்கவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு ரூமில் ஒரு பாய்க்கு விலக்கு, பக்கத்துப் பாய்க்கு 50 சதவீதம். ‘உங்க போனை மட்டும் விட்டுட்டு எங்க பனியனை ஏன்டா புடிச்சான்?’ என்று அவன் கேட்டதற்கு, என்னிடம் பதில் வாங்கிச் சொல்ல வேண்டும் என்று தம்பி போன் செய்தான். அமெரிக்கர்கள் போன் விலை ஏறினால் கத்துவார்கள், பனியனை வேறு நாட்டிலிருந்து வாங்கிக்கொள்வார்கள் என்றேன். எனக்குத் தெரிந்த அமெரிக்க அரசியல் அவ்வளவுதான். ஆனால், அந்த ரூமுக்கு அது போதுமானதாக இருந்தது.

ட்ரம்ப் மீது எனக்கு என்ன கருத்து? சொந்த நாட்டில் ஆலை வேண்டும் என்று ஒரு தலைவர் கேட்பதை இந்தச் சாலையில் இருந்துகொண்டு என்னால் திட்ட முடியவில்லை. நாமும் அதைத்தானே கேட்டோம்? நிலம் கொடுத்தோம், வரிச்சலுகை கொடுத்தோம், ஏரிக்கரை வழியாக ஆறு வழிச் சாலை போட்டோம். பக்கத்தில் மறைமலை நகரில் ஃபோர்டு, 2021 செப்டம்பரில் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து, 2022-ல் கதவைச் சாத்தியது. அந்தக் கேட்டுக்கு வெளியே நின்றவருக்கு, மிச்சிகனில் ஆலை மூடிய கோபத்தில் ஓட்டுப் போட்டவரைப் புரியும்.

என் புகார் வேறு. வரி என்றால் வரி என்று ஒரு தடவை சொல்லிவிட்டுப் போகட்டும். அறிவிப்பது, 90 நாள் நிறுத்துவது, மறுபடி மிரட்டுவது, அப்புறம் விலக்குவது... பெரிய கம்பெனி இதற்கெல்லாம் காத்திருக்கும், விமானம் பிடிக்கும். மாதம் ஐந்தாம் தேதி டியூ கட்டுகிறவனால் 90 நாள் காத்திருக்க முடியாது. சீட்டு எடுக்கலாமா, தங்கைக்கு நர்சிங் சீட் வாங்க முன்பணம் கட்டலாமா என்பதை அவன் இன்றைக்கே முடிவு செய்தாக வேண்டும்.

தூரத்து ஊர் முடிவுகள் எங்களுக்குப் புதிதும் இல்லை. நோக்கியா ஆலை இங்கே 2006-ல் உற்பத்தியைத் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் போன் வியாபாரத்தை வாங்கியபோது, வரி வழக்கில் சிக்கியிருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1-ம் தேதி மூடிவிட்டார்கள். நான் அப்போது பத்தாம் வகுப்பு. எங்கள் தெருமுனையில் காலை ஐந்தரைக்கு வந்து ஹாரன் அடிக்கும் பஸ் ஒருநாள் வரவில்லை. அம்மா அலாரம் வாங்கியது அதற்குப் பிறகுதான். இப்போது வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குவதற்கு ஹாஸ்டல் கட்டி 2024 ஆகஸ்ட்டில் திறந்திருக்கிறார்கள். அத்தனை பேரின் ஊரிலும் ஒரு சித்தப்பா, ‘அமெரிக்கா உனக்கு எதுக்கு?’ என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

சித்தப்பாவின் இரண்டாவது புகாரில், அதாவது போன் கேம் விஷயத்தில், பாதி நியாயம் உண்டு. அந்த ரூமிலிருந்து ட்ரம்ப் இன்னும் ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை. ரம்மி எடுத்திருக்கிறது.

தர்மபுரிப் பையன். நால்வரில் அவன்தான் அமைதி. முதல் தீபாவளி போனஸில் விளையாட்டாக ஆரம்பித்தான். முதலில் ஜெயித்தான், எல்லோருமே முதலில் ஜெயிக்கிறார்கள். பிறகு சம்பளம், பிறகு லோன் ஆப், பிறகு பைக். பைக்கை விற்றதைக்கூட ‘சர்வீஸுக்கு விட்டிருக்கேன்’ என்று இரண்டு மாதம் சொல்லியிருக்கிறான். லோன்காரர்கள் அவன் அம்மாவுக்கே போன் செய்த பிறகுதான் ரூமுக்குத் தெரிந்தது.

தமிழ்நாட்டில் இதற்கான சட்டம் பட்ட பாடு ஒரு தனி சீரியல். ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையிலான குழு 2022-ல் அறிக்கை கொடுத்தது. அந்த ஆண்டே சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் வந்தது. அந்த நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறன் விளையாட்டுகள் என்று தடைப் பட்டியலிலிருந்து அவற்றை எடுத்துவிட்டது. அதனால் 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் வேறு வழி பிடித்தது. ஆதார் சரிபார்ப்பு கட்டாயம், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் கட்டி ஆடக் கூடாது. ஜூனில் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது.

அந்த 12 டு 5 என்னை யோசிக்க வைத்தது. ராத்திரி என்றால் ஊர் தூங்கும், தூங்காதவன்தான் ஆபத்தில் இருக்கிறான் என்கிற கணக்கு அது. ஒரகடம் சாலையில் அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. செகண்ட் ஷிஃப்ட் முடித்தவனுக்கு நள்ளிரவு 12 மணி என்பது சாயங்காலம் ஆறு மணி மாதிரி. வீட்டுக்கு வந்து, காலை நீட்டி, கொஞ்ச நேரம் சும்மா இருக்கிற பொழுது. அந்தப் பொழுதில்தான் தர்மபுரிப் பையன் சம்பளத்தை விட்டான். ஆகவே, அந்த விதி அவனுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. ஆனால் அடுத்த வாரம் ஷிஃப்ட் மாறியது. நைட் ஷிஃப்ட் முடித்துக் காலை ஏழு மணிக்கு ரூமுக்கு வந்தவனுக்கு, ரம்மி திறந்தே இருந்தது.

2025 ஆகஸ்ட்டில் மத்திய அரசு இரண்டே நாளில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் ஒரு சட்டத்தை நிறைவேற்றி, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை மொத்தமாகத் தடை செய்தது. ‘பெரியவங்களுக்கு எதுக்குத் தடை? சொந்தக் காசு, சொந்த இஷ்டம்’ என்று என் கூட வேலை பார்ப்பவர்கள் சிலர் வாதாடினார்கள். நான் அந்தப் பக்கம் இல்லை. சொந்தக் காசு தீர்ந்த பிறகுதான் அந்த ஆட்டமே சூடு பிடிக்கிறது. இன்னொன்றையும் வீடுகளில் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. இந்தச் சட்டம் நடத்துகிறவர்களுக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. ஆடியவருக்குத் தண்டனை இல்லை. பணத்தை விட்ட பிள்ளை போலீஸுக்குப் பயந்து வீட்டில் மறைக்க வேண்டியதில்லை. தடைக்குப் பிறகும் டெலிகிராமில் லிங்க் வருகிறது என்று அவனே காட்டினான். வந்தவுடன் இப்போது தம்பியிடம் போனைக் கொடுத்து பிளாக் பண்ணச் சொல்கிறான்.

சித்தப்பா தவறுவது எங்கே என்றால், போனில் ஆடுவது எல்லாமே அவருக்கு ஒன்று. தம்பியும் திருவண்ணாமலைப் பையனும் பி.ஜி.எம்.ஐ. ஆடுகிறார்கள். துப்பாக்கி, சத்தம், கெட்ட வார்த்தை எல்லாம் உண்டு. ஆனால், தோற்றால் தூக்கம் போகுமே தவிர, பைக் போகாது. லைனில் எட்டு மணி நேரம் பக்கத்து ஆளிடம் பேச முடியாதவர்கள், இதில்தான் வாய் வலிக்கப் பேசுகிறார்கள். அதையும் இதையும் ஒரே கம்பில் அடித்தால், பிள்ளைகள் இரண்டையும் சேர்த்தே மறைப்பார்கள்.

மிச்சம் இருப்பது ஜப்பான் பொம்மைப் படம். இதில் நான் நடுநிலை இல்லை, முழு ரசிகை.

எங்கள் சாலையில் ஜப்பான் முன்பே வந்துவிட்டது. கோமாட்சு, யமஹா, நிசான் பங்கோடு 2010-ல் தொடங்கிய கார் ஆலை. செய்ரி, செய்டன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே என்று 5எஸ் சுவரில் ஒட்டியிருக்கும். டிரெய்னியாகச் சேர்ந்த முதல் வாரமே ஒப்பிக்க வேண்டும். ‘கைசன்’ என்பது தம்பிக்குத் தமிழ் வார்த்தை மாதிரி. ஐடியா எழுதிக் கொடுத்தால் டிபன் பாக்ஸ் பரிசு தருவார்கள். வேலைக்காகக் கற்றுக்கொண்ட அந்த நாட்டிலிருந்து, யாரும் கட்டாயப்படுத்தாமல் அவன் எடுத்துக்கொண்டது அனிமேதான்.

அவர்களுக்குப் பிடித்ததைப் பாருங்கள். ‘சோலோ லெவலிங்’கின் நாயகன், அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்காக உயிரைப் பணயம் வைத்து வேலைக்குப் போகிற, இருப்பதிலேயே பலவீனமான ஆள். ‘டீமன் ஸ்லேயர்’ தஞ்சிரோ, அப்பா இல்லாத வீட்டின் மூத்த பையன். தம்பி தங்கைகளுக்காகக் கரி விற்கப் போன இடத்தில் இருட்டிவிட, மறுநாள் திரும்பி வந்தால் குடும்பமே இல்லை. மிஞ்சிய ஒரு தங்கையும் அரக்கியாக மாறிக்கொண்டிருக்கிறாள். அரக்கர்கள் வெயிலில் வர மாட்டார்கள். ஆகவே வேட்டையெல்லாம் ராத்திரியில்தான். ‘நம்ம நைட் ஷிஃப்ட்டு மாதிரிதான்கா’ என்பான் தம்பி.

2025 செப்டம்பர் 12-ல் ‘இன்ஃபினிட்டி காசில்’ தமிழ் டப்பிங்கோடும் தியேட்டருக்கு வந்தது. எதில் பார்ப்பது என்று ரூமில் ஒரு வாரம் சண்டை. நான்காவது ஆள் ஒடிசாவிலிருந்து வந்தவன், அவனுக்கு இந்தி வேண்டும். மற்றவர்களுக்குத் தமிழ். கடைசியில் சமாதானம், யாருக்குமே சரியாகப் புரியாத ஜப்பானிய மொழியில், இங்கிலீஷ் சப்டைட்டிலோடு! வார விடுமுறை நால்வருக்கும் ஒரே நாளில் வராது. இருவர் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டார்கள். பூந்தமல்லி வழியாக பஸ் பிடித்து அண்ணா நகர் மாலுக்கு வந்தார்கள். டிக்கெட் எடுத்தது நான். தர்மபுரிப் பையன் மட்டும் அவன் பங்கை என் கையில் திணித்துவிட்டான்.

படத்தில் வில்லன் அகசாவின் பழைய கதை வரும். நோயாளி அப்பாவின் மருந்துக்காகத் திருடிப் பிடிபடுகிற பையன் அவன். அந்த இடத்தில் எங்கள் வரிசையில் பாப்கார்ன் சத்தம் நின்றுபோனது. யார் அழுதது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று பாகங்களில் இது முதலாவது. நாங்கள் பார்த்தபோது இரண்டாவதன் தேதியை அறிவித்திருக்கவில்லை. ஒடிசாப் பையனின் கான்ட்ராக்ட் மார்ச்சில் முடிகிறது. ‘தீதி, அதுக்குள்ள வருமா?’ என்று போனில் அவ்வப்போது கேட்கிறான். பத்திரிகையில் வேலை பார்ப்பவர்களுக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியும் என்று அவனிடம் தம்பிதான் சொல்லி வைத்திருக்கிறான்.