காப்பிக்கொட்டை கலர் பனியன்

"மாமா, டீமுக்கு ஒரு லோகோ போட்டுத் தாங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணும்."

போன வாரம் அக்கா பையன் வந்து நின்னான். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலின்னு பிளக்ஸ் டிசைன் போட்டே பொழப்பு ஓடுற எனக்கு இது பெரிய வேலை இல்ல. உக்காந்து கேட்டப்பறம்தான் முழு விஷயம் வெளிய வந்துச்சு. மேல ரோட்ல விடுதி வச்சிருக்கிற ஒருத்தர் பதினாறு ஜெர்சி எடுத்துத் தர்றேன்னு சொல்லியிருக்கார். ஒரே கண்டிஷன், கலர் மஞ்சளா இருக்கணும். அவர் விடுதி போர்டு கலர் அது.

"அப்போ பிரவுன்?"

"அது எதுக்கு மாமா இனிமே?"

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. பெருமாள்மலை டீம்னா பிரவுன்தான். முப்பது வருஷமா அப்படித்தான். 1996ல நான் லெஃப்ட் பேக் ஆடினப்போ வந்த கலர் அது. சுத்துப்பட்டுல எந்த ஊருக்கு ஆடப் போனாலும் "காப்பிக்கொட்டை பசங்க வந்துட்டாங்க"ம்பாங்க. எங்க ஊர்க் காப்பித் தோட்டத்தை நினைச்சு வச்ச கலர்னு நானே புதுப் பசங்ககிட்ட பலதடவை பீத்தியிருக்கேன்.

அன்னிக்கு ராத்திரியே அந்த பனியன் செட்டை அனுப்பின நண்பனுக்குப் போன் போட்டேன். அப்போ அவன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருந்தான்.

"டேய், அந்தப் பிரவுன் கலரை ஏன்டா எடுத்த?"

"எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்டுல அது ஒண்ணுதான்டா பதினஞ்சு பீஸ் இருந்துச்சு."

முடிஞ்சது கதை. காப்பியும் இல்ல, கொட்டையும் இல்ல :-)

தூக்கம் வராம யோசிச்சுப் பார்த்தா, உலகத்துல பெரிய பெரிய டீம் கதையும் இதேதான். இத்தாலியில ஜுவென்டஸ் ஆரம்பத்துல ரோஸ் கலர் சட்டையில ஆடின டீம். துவைச்சுத் துவைச்சுச் சாயம் போய்டுச்சு. 1903ல டீம்ல இருந்த இங்கிலாந்துக்காரர் ஒருத்தர் நாட்டிங்காம்ல தெரிஞ்சவர்கிட்ட புதுச் சட்டைக்குச் சொல்லி அனுப்ப, அந்த ஊர் நாட்ஸ் கவுண்டி டீமோட கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை வந்து இறங்குச்சு. இன்னிவரைக்கும் அதே கோடுதான். நம்ம கொல்கத்தாவுல 1920ல ஆரம்பிச்ச ஈஸ்ட் பெங்காலுக்கும் இப்படி ஒரு கதை சொல்லுவாங்க. சௌரங்கிப் பக்கம் ஒரு கடையில தொங்கின சட்டை கண்ணுல பட்டுப் பிடிச்சுப்போய் எடுத்ததுதான் அந்தச் சிவப்பும் தங்க நிறமுமாம்.

ஆக, கலர் எங்கிருந்தும் வரலாம். அது எப்போ நம்மளோடதா ஆகுதுங்கறதுதான் கேள்வி.

சென்னையின் எஃப்.சி.யை எடுத்துக்கோங்க. 2014ல ஐ.எஸ்.எல். ஆரம்பிச்சப்போ அபிஷேக் பச்சன், வீட்டா தானி, தோனி எல்லாம் சேர்ந்து நடத்தின டீம். நீலச் சட்டை. லோகோவுல பார்த்தா நம்ம திருஷ்டி பொம்மை! புது வீடு கட்டினா வாசல்ல தொங்கவிடுவோமே, முட்டைக்கண்ணு முழிச்சுக்கிட்டு, அதேதான். நான் அப்போ நல்லா கிண்டல் பண்ணினேன். "பம்பாய்க்காரங்க நமக்கே திருஷ்டி கழிக்க வந்துட்டாங்க"ன்னு. அந்த வருஷம் லீக்ல முதலிடம் வந்து, அரையிறுதியில கேரளாகிட்ட தோத்தாங்க. எனக்கு ஒண்ணும் வலிக்கல.

அடுத்த வருஷம் வேற கதை. 2015ல ஒரு கட்டத்துல அட்டவணையில கடைசியில கிடந்து, தட்டுத்தடுமாறி அரையிறுதிக்கு வந்தாங்க. அந்த டிசம்பர்ல சென்னை வெள்ளத்துல முங்கிப்போச்சு. என் சித்தப்பா குடும்பம் ஊரப்பாக்கத்துல மொட்டை மாடியில ரெண்டு நாள் இருந்தாங்க. போன் கிடைக்கல. நாங்க இங்க மலையில உக்காந்துக்கிட்டு டி.வி.யில தண்ணியைத்தான் பார்த்துக்கிட்டிருந்தோம். அரையிறுதியோட சொந்த ஊர் ஆட்டத்தைச் சென்னையில நடத்த முடியாம புனேவுக்கு மாத்தினாங்க. சொந்த மைதானம் இல்லாம, சொந்த ஜனம் இல்லாம, அங்க போய் கொல்கத்தாவை 3-0ன்னு ஜெயிச்சாங்க.

டிசம்பர் 20, கோவாவுல ஃபைனல். கோவாவோட விளையாட்டு. கடைசி சில நிமிஷம் இருக்கறப்போ கோவா 2-1. சரி, போச்சுன்னு எழுந்தேன். 90வது நிமிஷம் கோவா கோல்கீப்பர் கையிலயே பட்டுப் பந்து உள்ள போச்சு. அப்புறம் இஞ்சுரி டைம்ல மெண்டோசா அடிச்சார் பாருங்க. 3-2. ஊரப்பாக்கத்துல இருந்து சித்தப்பா பையன் போன் பண்ணினான். வீட்டுல இன்னும் சேறு அள்ளி முடியல. "அண்ணே, நம்ம ஜெயிச்சுட்டோம்ணே"ன்னான். அந்த "நம்ம"வைக் கேட்டப்புறம் திருஷ்டி பொம்மையை நான் கிண்டல் பண்ணினதே இல்ல. 2018ல பெங்களூர்லயே போய் பெங்களூரை ஜெயிச்சு ரெண்டாவது கப் எடுத்தப்போ எனக்கும் அது "நம்ம" நீலம் ஆகியிருந்துச்சு.

அப்போ ஜெயிச்சா கலர் ஒட்டிக்குமான்னா, அதுவும் இல்ல. வேல்ஸ்ல கார்டிஃப் சிட்டி நூறு வருஷத்துக்கு மேல நீலத்துல ஆடின டீம். 2012ல மலேசியாக்கார முதலாளி வின்சென்ட் டான் சட்டையைச் சிவப்பா மாத்தினார். ஆசியாவுல சிவப்பு ராசின்னு கணக்கு. லோகோவுல இருந்த நீலப் பறவையைக் கீழ சின்னதா தள்ளிட்டு டிராகனைப் பெருசா போட்டாங்க. ராசி வேலை செஞ்சது! 2013ல அந்தச் சிவப்புச் சட்டையிலயே பிரீமியர் லீகுக்கு ஏறினாங்க. ஆனாலும் ஜனம் நீலத் துண்டைப் போத்திக்கிட்டுத்தான் மைதானத்துக்கு வந்துச்சு. 2015 ஜனவரியில டான் இறங்கி வந்து நீலத்தையே திருப்பிக் கொடுத்தார்.

மோகன் பகானுக்கும் இதேதான். 2020ல ஏ.டி.கே.வோட இணைச்சப்போ பச்சை-மெரூன் சட்டையை மாத்தல, பாய்மரப் படகு லோகோவையும் வச்சுக்கிட்டாங்க. பேருக்கு முன்னாடி மூணு எழுத்து மட்டும் சேர்ந்துச்சு. அதுக்கே ரசிகருங்க மூணு வருஷம் விடாம சண்டை போட்டாங்க. 2023ல கப் ஜெயிச்ச ராத்திரி, அந்த எழுத்தை எடுத்துடறோம்னு முதலாளி அறிவிச்சார்.

இதையெல்லாம் மனசுல உருப்போட்டுக்கிட்டு, மறுநாள் அக்கா பையனைக் கூப்பிட்டு ஒரு பிரசங்கம் பண்ணினேன். கார்டிஃப்ல ஆரம்பிச்சு கொல்கத்தா வழியா பெருமாள்மலைக்கு வந்து, "கலர்ங்கறது காசு குடுக்கறவன் முடிவு பண்றது இல்லடா, போட்டு ஆடறவன் முடிவு பண்றது"ன்னு முடிச்சேன்.

பொறுமையா கேட்டான். அப்புறம் சொன்னான்: "போட்டு ஆடறது நாங்கதானே மாமா? மூணு மணிக்கு மேல மூடுபனி இறங்கினா பிரவுன் தெரியவே மாட்டேங்குது. யாருக்குப் பாஸ் குடுக்கறதுன்னே தெரியல. மஞ்சள்னா தெரியும். அதான் நாங்களே சரின்னுட்டோம்."

என்னத்தைச் சொல்ல? லெஃப்ட் பேக் ஆடின காலத்துல பனியில நிழலைப் பார்த்துப் பந்தை விட்டவன்தானே நானும். நான் கட்டிக் காத்துக்கிட்டு இருந்தது அவனுங்க டீமை இல்ல, என்னோட இருவது வயசை. டானுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவர்கிட்ட காசு இருந்துச்சு, அவ்வளவுதான்.

மஞ்சள்னே முடிவாச்சு. எனக்காகக் காலர் மட்டும் பிரவுன்ல தைக்கச் சொன்னானுங்க. ஒரு வேடிக்கை பாருங்க. கார்டிஃப் டீம் 1899ல ரிவர்சைடுங்கற பேர்ல ஆரம்பிச்சப்போ போட்ட சட்டை பிரவுனும் மஞ்சளும்தான்! நீலமே பின்னாடி வந்தது. இதையும் சொன்னேன். "சரி மாமா, லோகோ என்னாச்சு?"ன்னான்.

லோகோவும் போட்டுக் குடுத்தேன். பெருமாள் மலை உச்சி, அடியில ஒரு பந்து. காப்பிக்கொட்டை போடல. அவனுங்களா ஏதாவது சம்பாதிச்சா அதைச் சேர்த்துக்கலாம்.

ஞாயித்துக்கிழமை முதல் மேட்ச். 2-0ன்னு தோத்துட்டானுங்க. காலையில இருந்தே மழை வேற. முடிஞ்சு வரிசையா நடந்து வந்தப்போ ஒருத்தன் சட்டையிலயும் மஞ்சள் தெரியல. உச்சியில இருந்து உள்ளங்கால் வரைக்கும் சேறு.

எல்லாவனும் பிரவுன் :-)