சுவருக்குள்ள யாரு தட்டுறது?

ஆலயக் குளியலறையில யாராவது குழாயை மூடினா சுவருக்குள்ள ‘டம் டம்’னு சத்தம். தீபாராதனை நேரத்துல வயசான அம்மாமாருங்க திடுக்கிடுவாங்க. பழைய பைப்புதானேன்னு நாங்களும் பல வருசம் விட்டுட்டோம். தப்பு எங்களோடது.

இப்போ புதுப்பிக்க டைல்ஸை உடைச்சா, பைப்பு பிடிப்பே இல்லாம ஆடுது. ஓடுற தண்ணி சட்டுனு நின்னா அந்த வேகம் பைப்பை உலுக்கும். அது சுவர்ல மோதும். “அப்படியே டைல்ஸ் ஒட்டிடலாம்”னாங்க சிலர். நாங்க ஒத்துக்கல. ரப்பர் வச்ச கிளிப் போட்டு இறுக்கினோம். மெல்லத் திருகி மூடுற குழாயா மாத்தினோம்.

2019-ல சுங்கை பெனுட் மாசுபட்டு தண்ணிக்கு அல்லாடின ஊரு சிம்பாங் ரெங்கம். குழாயை மெதுவா, சொட்டாம மூடுங்க.

நேத்து தீபாராதனையில மணிச் சத்தம் மட்டும்தான்.