அளந்தவரும் அளக்கப்பட்டவரும்

கல்விச் செல்வம் கொடுக்கக் குறையாதது என்று சிறுவயது முதலே கேட்டு வருகின்றோம். எனினும் அச்செல்வத்தின் மூலப்பொருளாகிய தரவுகள் யாருக்கு உரியவை, அவற்றைப் பகிர்ந்ததால் விளைந்த பயனை எவ்வாறு அளப்பது என்னும் வினாக்கள் அண்மைக் காலத்திலேயே கூர்மை பெற்றுள்ளன. கலைப்பீட மாணவனாகிய என்னை இவ்வினாக்களின்பாற் செலுத்தியது விஞ்ஞானத் துறைச் செய்தியொன்றாகும்.

கவ்வாத்துக் கத்தி பட்ட கை எவ்வாறு ஆறுகின்றது? காயத்தின் விளிம்பிலுள்ள தோற்கலங்கள் இடம்பெயர்ந்து வந்து வெளியை மூடுகின்றன. புற்றுநோய் உடலிற் பரவுவதற்கும் கலங்களின் பெயர்ச்சியே வழியாகின்றது. ஆகவே ஆய்வாளர் கலங்கள் நகர்வதை நுணுக்குக்காட்டியினூடாக மணிக்கணக்கிற் படம்பிடித்து, வேகத்தையும் திசையையும் கணிக்கின்றனர். ஆயினும் ஒவ்வோர் ஆய்வுகூடமும் தன் போக்கிற் குறித்து வைத்தால், ஒருவர் திரட்டியது மற்றவருக்கு உதவாது. தரவுகள் கண்டடையவும் பெறவும் பிறவற்றோடு இணைக்கவும் மீளப் பயன்படுத்தவும் தக்கனவாதல் வேண்டும் என்னும் நான்கு நெறிகள் 2016இல் வெளியாயின. 2020இல் கலப்பெயர்ச்சி ஆய்வாளர் தம் துறைக்கெனப் பொதுக் குறிப்பு முறையொன்றை வெளியிட்டனர். எத்தகைய கலம், எவ்வூடகம், எத்துணை இடைவெளியில் எடுத்த படம் என்பன எழுதப்படாவிடின், திறந்து வைத்த தரவும் பூட்டிய பெட்டியே.

இச்சிக்கல் எமது மலைகளுக்குப் புதிதன்று. 1869இல் கோப்பி இலைகளில் செம்மஞ்சட் புள்ளிகள் தோன்றின. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் அனுப்பிய இலைகளை ஆராய்ந்த பேர்க்லி என்பார் இங்கிலாந்திலிருந்து அப்பங்கசுக்குப் பெயரிட்டார். 1880இல் இங்கு வந்த மார்ஷல் வார்ட், பசை பூசிய கண்ணாடித் தகடுகளிற் காற்றில் வந்த வித்திகளைப் பிடித்து, நோய் பெயரும் வழியைக் காட்டினார். அவருடைய அறிக்கைகள் அச்சேறின. ஆயினும் கோப்பி பிழைக்கவில்லை. திம்புள்ளையிலும் திக்கோயாவிலும் தேயிலை எழுந்தது. காப்பாற்றிய செடிகளைக் கொண்டு அளந்தால் வார்ட்டின் உழைப்பு வீண் என்றே முடியும். ஆனால் 1970இல் அதே நோய் பிரேசிலிற் காணப்பட்டபோது, அதன் இயல்பு பற்றிய அடிப்படை அறிவு தொண்ணூறு ஆண்டுகளாக உலகின் கையில் இருந்தது. பயன் அளப்பவனின் ஆயுளுக்குள் வந்தே தீரும் என்ற நியதி இல்லை.

இன்று ஆய்வின் பயனை மேற்கோள்களின் எண்ணிக்கையால் அளப்பதே பெருவழக்கு. சஞ்சிகையின் தாக்கக் காரணியைக் கொண்டு தனியாய்வாளரை எடைபோடலாகாது என்றும், தரவுகளும் ஆய்வின் விளைபொருள்களாக மதிக்கப்பட வேண்டும் என்றும் 2012ஆம் ஆண்டின் சான்பிரான்சிஸ்கோ பிரகடனம் வலியுறுத்தியது. வரவேற்கத்தக்கதே. எனினும் அதற்கு அப்பாலும் ஒரு கணக்கு உண்டு. நோயுற்ற கோப்பிச் செடிகளின் நடுவே நாள்தோறும் நின்றவர்கள் எம் முன்னோர். தோட்டங்கள் முறிந்தபோது சம்பள நிலுவையோடு தமிழகம் திரும்பியோர் பலர். ஆங்கிலத்தில் அச்சான அவ்வறிக்கைகளை அவர்கள் எவ்வாறு படித்திருப்பர்?

நான் பாடசாலையிற் படித்த காலத்தில் ஆய்வுக் குழுவொன்று எங்கள் லயத்திற்கு வந்தது. கொழுந்து பறிக்கும் என் தாயாரின் நிறையை அளந்தனர்; கைகளைப் பார்த்தனர்; எத்தனை பிள்ளைகள், என்ன உணவு என்று வினவி எழுதிக்கொண்டனர். அதன்பின் ஒரு செய்தியும் வரவில்லை. “எழுதிக்கிட்டுப் போனவங்க என்னா கண்டாங்கன்னு ஒரு வார்த்த சொல்லலியே தம்பி” என்று அம்மா இன்றும் கேட்பதுண்டு. தினமும் தராசில் கொழுந்தை நிறுத்து, செக்ரோலில் ஏறும் இலக்கத்தைக் கவனித்துப் பழகியவர் அவர். தம்மைப் பற்றிய இலக்கத்தையும் அறிய விரும்புவதில் வியப்பில்லை.

ஆய்வுகூடத்துக் கலமும் பல வேளைகளில் ஒரு நோயாளியின் உடலிலிருந்து வந்ததே. எனவே தரவைத் திறந்து வைத்தல் என்பது ஆய்வாளர் ஆய்வாளருக்குக் கொடுப்பதோடு முடியலாகாது. பெயர் மறைத்து, மானங் காத்து, கண்ட முடிவைத் தந்தவரின் மொழியில் இரண்டு பக்கமேனும் எழுதிக் கொடுத்தலும் அதன் கூறாதல் வேண்டும். நாளை வினாக்கொத்தோடு தோட்டங்களுக்குச் செல்லவிருக்கும் எம் பல்கலைக்கழகத்தார், திரும்பிச் செல்லும் நாளையும் புறப்படு முன்னரே குறித்துக்கொள்வார்களாக.