ஏழாவது கேள்வி

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு பள்ளி. அரையாண்டுத் தேர்வுக்கு முதல் நாள் இரவே பத்தாம் வகுப்பு அறிவியல் கேள்விகள் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டன. போட்டோ எடுத்தால் மாட்டிக்கொள்வோம் என்று யாரோ பொறுமையாக டைப் செய்து அனுப்பியிருந்தார்கள்.

காலையில் தலைமை ஆசிரியை நான்கு டீச்சர்களை அழைத்தார். சரிபார்ப்பதற்காக ஆளுக்கொரு பிரதி கொடுத்திருந்தார். கேள்விகள் ஒன்றுதான். ஏழாவது கேள்வியின் கடைசி வார்த்தை மட்டும் வேறு வேறு: ‘விளக்குக’, ‘விவரி’, ‘விவரிக்கவும்’, ‘விளக்கி எழுதுக’.

போனில் வந்தது ‘விவரி’.

அது இருபது வருட சர்வீஸ் உள்ள மூத்த டீச்சரின் பிரதி. “நான் யாருக்கும் அனுப்பலை மேடம்” என்றார். மற்ற மூவரும் தரையைப் பார்த்தார்கள். மாற்று வினாத்தாளோடு தேர்வு நடந்தது.

இப்படி அடையாளம் வைப்பது புதிதல்ல. 2024 பிப்ரவரியில் மேற்கு வங்கப் பத்தாம் வகுப்புத் தேர்வில், வினாத்தாள்களில் தனித்தனிக் குறியீடு அச்சிட்டிருந்தார்கள். படம் பரவியதும் மால்டா மாவட்ட மாணவர்கள் சிக்கினார்கள். பல கலர் லேசர் பிரின்டர்கள் கண்ணுக்குப் புலப்படாத மஞ்சள் புள்ளிகளால் மெஷின் நம்பரையும் நேரத்தையும் தாளில் பதிக்கின்றன. 2017-ல் ரியாலிட்டி வின்னர் என்ற பெண் வெளியே அனுப்பிய அமெரிக்க உளவு ஆவணத்திலும் அந்தப் புள்ளிகள் இருந்தன. ஆனால், அதை பிரின்ட் எடுத்தவர்கள் ஆறு பேர் என்று அலுவலகப் பதிவில் பார்த்து, அவர்களின் கம்ப்யூட்டர்களைச் சோதித்துத்தான் விசாரணையில் அவரைக் கண்டுபிடித்தார்கள்.

டீச்சர் வீட்டில் அந்தத் தாள் இரண்டு நாள் கிடந்த இடம், சாப்பாட்டு மேஜை. ப்ளஸ் டூ படிக்கும் மகனை உட்கார வைத்துக் கேட்டார். வெகு நேரம் கழித்து, “ஃப்ரெண்டோட தங்கச்சி ரொம்ப அழுதாம்மா” என்றான்.

சொன்னால் பிள்ளையின் பெயர் கெடும். சொல்லாவிட்டால் தன் பெயர். அன்று இரவு அவர் தூங்கவில்லை. மறுநாள் மகனையும் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்குப் போனார்.

“நீங்கதான் அனுப்பிட்டீங்கன்னு நினைச்சுட்டேன் டீச்சர்...” தலைமை ஆசிரியைக்குக் குரல் தழுதழுத்தது.

“பிரதி என்னோடது மேடம். பத்திரமா வைக்காதது என் தப்புதான்.”

அந்த வருடம் முழுக்க அவருக்கு வினாத்தாள் வேலை தரப்படவில்லை. அவரும் கேட்கவில்லை. ஸ்டாஃப் ரூமில் மட்டும், அன்று தரையைப் பார்த்த மூவரும் இப்போது அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

‘விவரி’ என்ற வார்த்தை, தாள் யாருடையது என்று சொன்னது. யார் செய்தது என்பதை மகன்தான் சொல்ல வேண்டியிருந்தது.