நிழல் விழும் வாசலுக்கு ஒரு செடி

லயத்து வாசல்கள் சிறியவை. இஸ்தோப்புக்கும் கானுக்கும் நடுவே நாலடி மண் கிடைத்தால் அதுதான் பூந்தோட்டம். தலவாக்கலையில் எங்கள் மகளிர் குழுவைச் சேர்ந்த ஓர் அம்மா, "வருசம் பூரா பச்சையா நிக்கிற செடி ஒன்னு சொல்லுங்க மிஸ்" என்று கேட்டார்.

அவர் இங்கே பிறந்தவர். 1977 வன்செயலுக்குப் பின் பெற்றோருடன் வன்னிக்குப் போனார். 2009இல் கணவரை இழந்தார். முகாம் வாழ்க்கைக்குப் பிறகு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வன்னியில் வைத்த மா இப்போது யாருக்குக் காய்க்கிறதோ என்பார்.

முதலில் ஒரு நாள் முழுக்க வெளிச்சத்தைக் கவனித்தோம். காலை பத்து மணிவரை வெயில். பிறகு எதிர் லயத்தின் நிழல். அந்த வெயில் ரோசாவுக்குப் போதாது. எக்காளம் போல வெள்ளைப் பூ தொங்கும் செடி இங்கே எளிதில் வளரும். ஆனால் அதன் இலை, பூ, விதை எல்லாமே நஞ்சு; பிள்ளைகள் விளையாடும் வாசலுக்கு ஆகாது. தேயிலையும் அரை நிழல் தாங்கும். "மலையிலயும் அது, வாசல்லயும் அதுவா?" என்று சிரித்தார் அம்மா.

நான் கோப்பியைச் சொன்னேன். எத்தியோப்பியக் காடுகளில் பெரிய மரங்களின் கீழே வளர்ந்த செடி அது. பழைய இலை உதிர்ந்தாலும் புது இலை வந்துகொண்டே இருப்பதால் செடி வெறுமையாவதில்லை. நுவரெலியாவின் உறைபனி அதற்கு ஆகாது. தலவாக்கலை அதைவிடத் தாழ்வு. நம் முன்னோர் கடல் கடந்து முதலில் வந்ததும் கோப்பித் தோட்டங்களுக்குத்தான். 1869இல் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் அந்தத் தோட்டங்களை அழித்த பிறகே தேயிலை எங்கும் பரவியது.

நன்கு சிவந்த பழத்தைப் பிதுக்கி, விதையை நிழலில் உலர்த்தி, தாமதிக்காமல் விதைக்க வேண்டும். முளைக்க இரண்டு மாதம்வரை ஆகலாம். நாற்றை ஐந்தடி இடைவெளியில், தண்ணீர் தேங்காத இடத்தில் நட வேண்டும். உயரமானால் நுனியை வெட்டலாம்.

"எப்ப காய்க்கும்?" என்றார் அம்மா.

"மூன்று, நான்கு வருடம் ஆகும்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப அதுவரைக்கும் நான் இங்கதான் இருக்கணும்" என்று சொல்லி, மூன்று விதைகளை ஊன்றினார். அந்த மண் அவர் பெயரில் இல்லை. லயத்து வாசல் பலருக்கு இன்னும் சொந்தமில்லை. இருந்தும், நாளைக்கு எங்கே என்று யோசித்தே பழகியவர் வருடக் கணக்கில் பேசியதை அன்றுதான் கேட்டேன். நான் படித்த சமூகவியல் நூல்களில் 'மீள்குடியேற்றம்' என்ற சொல் இருந்தது. அதன் பொருள் இந்த வாசலில்தான் எனக்கு விளங்கியது.

வடக்கிலும் கிழக்கிலும் இருக்கும் சகோதரிகளே, உங்கள் வெப்பத்துக்குக் கோப்பி சரிவராது. ஆடாதோடை வையுங்கள். தடியை நட்டாலே துளிர்க்கும்; ஆடு கடிக்காது. கர்ப்பிணிகள் மட்டும் அதை மருந்தாக உட்கொள்ள வேண்டாம். ஒருவேளை இடம் மாற நேர்ந்தாலும், ஒரு தடியை வெட்டிக் கையோடு கொண்டு போகலாம்.