பஞ்சமிக்கு முன்னால் ஒரு பயணம்: சக்கர நாற்காலியில் திருவையாறு

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு சுமார் 13 கிலோமீட்டர். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று ஒவ்வொரு பாலமாகக் கடந்தால் கடைசியில் காவிரி. ஒவ்வொரு பாலத்திலும் அத்தை கார் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தார். அவர் மடியில் ஓர் இன்ச் டேப் இருந்தது. டெய்லர் கழுத்தில் தொங்குவது இல்லை, கொத்தனார் இடுப்பில் செருகியிருக்கும் இரும்பு டேப்.

தியாகராஜ ஆராதனைக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. கச்சேரி கேட்க வரவில்லை. கச்சேரி கேட்க வர முடியுமா என்று பார்க்க வந்திருந்தோம்.

அத்தைக்கு 56 வயது. இரண்டு வயதில் போலியோ. முப்பது வயதுவரை காலிப்பர், அதற்குப் பிறகு சக்கர நாற்காலி. புஷ்ய பகுள பஞ்சமி அன்று காலை எங்கள் வீட்டில் யாரும் அத்தையிடம் பேசக் கூடாது. ஆல் இந்தியா ரேடியோவின் நேரடி ஒலிபரப்பில் ஆரம்பித்து, அப்புறம் தூர்தர்ஷன், இப்போது போன். பஞ்சரத்ன கீர்த்தனைகள் ஐந்தையும் கூடவே பாடுவார். தெலுங்கில் ஒரு வாக்கியம் பேசத் தெரியாது. ஆனால் நாட்டையில் தொடங்கி ஸ்ரீராகத்தில் முடியும் வரை ஒரு சொல் பிசகாது.

"ஒருதடவையாவது அங்க உக்காந்து பாடணும் கண்ணு" என்பார். 'கேட்கணும்' என்று சொன்னதே இல்லை. இந்த வித்தியாசம் எனக்குப் புரிய இந்தப் பயணம் தேவைப்பட்டது.

முன்கூட்டியே வந்து பார்ப்பானேன்? போன வருஷம் சென்னையில் ஒரு மைதானத்தில் நடந்த சினிமாப் பாட்டுக் கச்சேரிக்கு அத்தையை அழைத்துப்போன பாவி நான்தான். 'வீல்சேர் வசதி உண்டு' என்று போட்டிருந்தார்கள். கேட்டிலிருந்து நாற்காலி வரிசைவரை சேறு. அதைத் தாண்டினால் கேபிள்களை மூடிய மேடு. தடுப்புக்குப் பின்னால் ஓர் இடம் கொடுத்தார்கள். முதல் குத்துப்பாட்டுக்கே முன்னால் இருந்த எல்லோரும் எழுந்துவிட, அடுத்த மூன்று மணி நேரமும் அத்தை பார்த்தது முதுகுகளை. மொபைல் டாய்லெட் வண்டிக்கு நான்கு படிகள். "தூக்கிட்டுப் போயிடலாம்மா, நாலு பேர் இருக்கோம்" என்று வாலன்டியர் தம்பிகள் ஓடி வந்தார்கள். நல்ல பையன்கள்தான். அத்தை சிரித்தபடியே மறுத்துவிட்டார். காரில் ஏறியதும் சொன்னார்: "தூக்குறப்ப நான் ஆள் இல்லடி, சாமான்."

அவர் முந்தின நாள் மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்கவில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வெளியூர், வெளியிடம் என்றால் எப்போதும் அப்படித்தானாம். எத்தனை வருஷமாக என்று நான் கேட்கவில்லை.

சமாதிக்குப் பக்கத்து மைதானம் அன்று காலியாகக் கிடந்தது. காவிரிக்கரைக் காற்று, இரண்டு ஆடுகள், கிரிக்கெட் ஆடும் பையன்கள். மணலும் புழுதியும் கலந்த தரை. தார் ரோட்டில் வழுக்கிக்கொண்டு வந்த நாற்காலி பத்தடியில் நின்றுவிட்டது. முன்னால் இருக்கும் சின்னச் சக்கரங்கள் மணலில் புதைந்துவிடும். தள்ளத் தள்ள இன்னும் புதையும். நாற்காலியைத் திருப்பி, லேசாகச் சாய்த்து, பின்பக்கமாக இழுக்க வேண்டும். அப்படித்தான் இழுத்தேன். எங்கே போகிறோமோ அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனார் அத்தை. "ஊர்வலம் மாதிரி இருக்கு" என்றார்.

1847-ல் தியாகராஜர் மறைந்த பிறகு பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்த இடம் இது. இங்கே கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்னம்மாள். தேவதாசி மரபில் வந்தவர். 1920-களில் தன் சொந்தச் சம்பாத்தியத்தைப் போட்டுக் கட்டினார். அப்போதெல்லாம் ஆராதனையில் பெண்கள் பாட அனுமதி இல்லை. கோயிலைக் கட்டியவருக்கே இல்லை! அவர் பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தினார், சண்டை போட்டார். 1940 வாக்கில்தான் எல்லோரும் ஒன்றானார்கள். 1952-ல் மறைந்த அவருக்கும் பக்கத்திலேயே நினைவிடம் இருக்கிறது. அத்தை அங்கே கொஞ்ச நேரம் கைகூப்பி நின்றார். நின்றார் என்று எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

சபாக்களில் மேடை ஒரு பக்கம், ரசிகர்கள் ஒரு பக்கம். திருவையாற்றில் பஞ்சமி காலையில் அந்தக் கோடே கிடையாது. பெரிய வித்வான்கள், நேற்றுப் பாட்டு கிளாஸில் சேர்ந்த குழந்தைகள் எல்லோரும் தரையில் வரிசையாக உட்கார்ந்து சேர்ந்து பாடுகிறார்கள். எனவே ஓரமாக ஒரு 'வீல்சேர் இடம்' ஒதுக்கினால் மட்டும் அத்தைக்கு வேலை முடியாது. நாற்காலியில் உட்கார்ந்தால் தரையில் இருப்பவர்களைவிடத் தலை உயரம். பின்னால் இருப்பவருக்கு மறைக்கும் என்று அவரே ஒதுங்கிப்போய்விடுவார். பாடுகிறவர்கள் வரிசையின் முனையில் நாற்காலி நிற்க ஓர் இடம், அதிலிருந்து இறங்கித் தரையில் உட்காரச் சின்ன முதுகுச் சாய்மானம், எட்டும் தூரத்தில் நாற்காலி. அவ்வளவுதான் அவர் கேட்பது.

டேப்பை நீட்டினோம். நாற்காலியின் அகலம் 64 சென்டிமீட்டர். கையால் சக்கரத்தைச் சுழற்ற இரண்டு பக்கமும் இடம் வேண்டும் என்பதால் 90 விட்டால் நிம்மதி. சாய்தளத்துக்குக் கணக்கு 1-க்கு 12. ஓர் அடி உயரம் ஏற 12 அடி நீளம். ரோட்டோரத்திலிருந்து நாங்கள் குறித்த இடம் வரை 41 அடி வந்தது. கிரிக்கெட் பையன்களில் ஒருவன் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சென்னையில் ஒரு பழைய அரங்கத்தைச் சரிசெய்ய வேண்டுமென்றால் கான்கிரீட்டை இடிக்க வேண்டும், லிஃப்ட் வைக்க வேண்டும், பட்ஜெட் போட வேண்டும். இங்கே பந்தல் ஆண்டுதோறும் புதிதாகப் போடப்படுகிறது. கால் நடும்போதே 41 அடிக்குப் பலகை பரப்பினால் முடிந்தது வேலை. முடிந்ததும் கழற்றிவிடலாம். திறந்தவெளிக் கச்சேரி என்றாலே கஷ்டம் என்று நினைத்திருந்தேன். அதுதான் சுலபம் போலிருக்கிறது.

மணலில் பலகை என்பது புதுசும் இல்லை. மெரினாவில் 2022 நவம்பரில் 263 மீட்டருக்கு மரப்பாதை போட்டார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைப் பெயர்த்தது, மறுபடி சரிசெய்தார்கள். இங்கிலாந்தில் கிளாஸ்டன்பரி இசை விழா நடப்பது ஒரு மாட்டுப் பண்ணையில். மழை பெய்தால் முழங்கால் சேறு. அங்கேயும் முக்கிய மேடைகளுக்கு எதிரே சக்கர நாற்காலிக்காரர்களுக்கு உயரமான தனி மேடை போடுகிறார்கள். உடன் வரும் உதவியாளருக்கு டிக்கெட் இல்லை. காது கேளாதவர்களுக்குப் பாட்டைச் சைகை மொழியில் சொல்ல ஆள் உண்டு. எல்லாமே சில நாள் ஏற்பாடு.

நம் சட்டமும் சும்மா இல்லை. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29-வது பிரிவு, கலை நிகழ்ச்சிகளிலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்கும் உரிமையைச் சொல்கிறது. வசதிகளை 'செய்தால் நல்லது' என்ற அளவில் வைத்திருந்த விதி செல்லாது, கட்டாய விதிகளை வகுக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இதை நான் விளக்கியபோது அத்தை படித்துறைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "29-ம் பிரிவுல பாத்ரூம் இருக்கா?" என்றார்.

அதுதான் மிச்சம். வரும் வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தியபோது கழிவறைக் கதவின் அகலம் 58 சென்டிமீட்டர். 64 எப்படிப் போகும்? பந்தல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த 6 சென்டிமீட்டர்தான் அத்தை வருவாரா, மாட்டாரா என்பதை முடிவு செய்யும். கதவு அகலமாக, படி இல்லாமல், கைப்பிடியோடு ஒரு தற்காலிகக் கழிவறை, அதுவும் மணலைத் தாண்ட வேண்டாத இடத்தில். எங்கள் படத்தில் அதையும் வரைந்து சேர்த்தேன். ஒரு பக்கம்தான் வந்தது. அளவுகளோடு, தமிழில். விழா ஏற்பாட்டாளர்களுக்கு ஒன்று, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு ஒன்று என்று அத்தையே கையெழுத்துப் போட்டு அனுப்பப்போகிறார்.

திரும்பும்போது கடைத்தெருவில் அசோகா அல்வா வாங்கினோம். பாசிப்பருப்பில் செய்து வாழையிலைத் துண்டில் வைத்துச் சுடச்சுடத் தருகிறார்கள். விரலை நக்கியபடி அத்தை என் போனை வாங்கி, நான் தேடி வைத்திருந்த லாட்ஜ் பட்டியலைப் பார்த்தார்.

"பஞ்சமிக்கு மொத நாளு ரூம் இருக்கான்னு கேளு. கீழ்த்தளம். பாத்ரூம் கதவு எத்தனை சென்டின்னு அளந்து சொல்லச் சொல்லு."

முதல் லாட்ஜில் போனை எடுத்தவர் "லைன்லயே இருங்க, டேப் எடுத்துட்டு வர்றேன்" என்றார். அத்தை என் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கி இரண்டு மடக்கு குடித்தார்.